எங்க வடிவுக்கு ஒண்ணுமில்லை

உக்காருங்க அண்ணாச்சி. பையைத் தூக்கி மேல வைங்க, கால் நீட்ட இடம் கிடைக்கும். கோவில்பட்டிக்கா? நானும் அங்கனதான். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆள் ஆச்சு. சொந்த ஊரே கோவில்பட்டியா, இல்ல பொழைக்கப் போன இடமா? அப்படியா, சரி. எந்தத் தெரு? வேண்டாம்னா விடுங்க, சும்மாதான் கேட்டேன். தெருவுப் பேரைச் சொல்ல யோசிக்கிற ஆளைக் கண்டா எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு முழிச்சுக்கிடும். தப்பா எடுத்துக்கிடாதிய, பழக்க தோஷம்.

எம் பேரு ஆவுடையப்பன். அம்பாசமுத்திரத்துல உரக்கடை வச்சிருந்தேன், இப்ப மகன் பாக்கான். ஆனா சொந்தக்காரங்க மத்தியில எனக்கு வேற பேரு, 'விசாரணை ஆவுடையப்பன்'னு. எந்த வீட்டுல சம்பந்தம் பேசினாலும், ஜாதகம் பொருந்துன மறுநாள் எனக்குப் போன் வந்துரும். ஒரு எட்டு போய் விசாரிச்சிட்டு வாங்கன்னு சொல்லுவாவ. நேரா போய் 'பையன் எப்படி'ன்னு கேட்டா எவன் உண்மையைச் சொல்லுவான்? நான் வாடகைக்கு வீடு பாக்க வந்தவன் மாதிரி போவேன். முதல்ல இஸ்திரி போடுறவரு, பொறவு முடிவெட்டுற கடை, கடைசியாத்தான் டீக்கடை. குடிகாரனைக் கண்டுபிடிச்சிருக்கேன். ஏற்கனவே ஒரு கல்யாணம் முடிச்சவனைக் கண்டுபிடிச்சிருக்கேன். ஒருத்தன் தலையில விக் வச்சிருந்தான், அவன் அம்மைக்கே தெரியாத விஷயம் அது.

இப்பக்கூட பாருங்க, உங்க சட்டைப் பையில மாத்திரை அட்டை தெரியுது. கேக்கல, கேக்கல.

நாளைக்கழிச்சு கல்யாணம். எங்க அக்கா மகளுக்கு. பொன்வடிவுன்னு பேரு, வடிவு வடிவுன்னுதான் கூப்பிடுவோம். அவ சின்னப் பிள்ளையா இருக்கையிலயே எங்க அத்தான் தவறிட்டாரு. அன்னையில இருந்து தகப்பனுக்குத் தகப்பனா நான்தான். மடியில வச்சுக் காது குத்துனது நான். பள்ளிக்கூடத்துல சேத்தது நான். தாய்மாமன்ங்கிற முறையில கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து மணையில உக்கார வைக்க வேண்டியதும் நான்தான். ஆனா இன்னைக்கு நான் போறது எப்படித் தெரியுமா? விருந்தாளி மாதிரி. பெட்டியைத் தூக்கிட்டு, நிபந்தனையோட. அந்தக் கதையைத்தான் சொல்ல வாரேன்.

வடிவு மதுரையில பல் செட்டு செய்யுற லேப்ல வேலை பாக்கா. டாக்டர்மார் அளவெடுத்து அனுப்புவாவ, இவ மெழுகுல செதுக்கி, வார்த்து, பளபளன்னு ஆக்கிக் கொடுப்பா. அவ செஞ்ச பல்லுன்னா சொந்தப் பல்லு தோத்துரும். நாள் முச்சூடும் ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, ஒரு பேச்சுக் கிடையாது. அவ்வளவு பக்தி தொழில்ல. யார்கூடப் பேசினாலும் மூஞ்சியைப் பாக்க மாட்டா, வாயைத்தான் பாப்பா. அன்னைக்கு எங்க பெரியப்பா மகன் கிட்ட, 'உங்களுக்குக் கீழ்வரிசையில மூணாவது பல்லு தேஞ்சிருக்கு, தூக்கத்துல கடிக்கிய'ன்னு சொல்லிட்டா, நல்லா இருக்கியளான்னுகூடக் கேக்காம. நாங்க சிரிச்சு மாளல.

அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் வேண்டாம்னு தள்ளிட்டா. அக்கா அழுது பாத்தா. திடீர்னு ஒருத்தனை மட்டும் சரின்னு சொல்லிட்டா. கோவில்பட்டிப் பையன், பால்வண்ணன்னு பேரு. கயத்தாறு பக்கம் காத்தாடிக் கம்பெனியில எஞ்சினியர். அன்னா சன்னலுக்கு வெளிய சுத்துது பாருங்க, அது மேல எல்லாம் ஏறி இறங்குதவன். ரெண்டு பேரும் ஒரு தடவை பாத்துப் பேசியிருக்காவ, அவ்வளவுதான். எல்லாரையும் தள்ளினவ இவனை மட்டும் ஏன் சரிங்கா? எனக்கு அங்கனயே முழிச்சுக்கிட்டுது.

அந்த நேரம் பாத்து வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ வந்துச்சு. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் பேசுதாரு. ஆட்டிசம்னா குழந்தைகளுக்கு மட்டும் இல்ல, வளந்தவங்களுக்கும் இருக்கும், வெளிய தெரியாதுன்னு. முகத்தைப் பாத்துப் பேச மாட்டாங்களாம். ஒரே சாப்பாடு, ஒரே இடம், ஒரே மாதிரித் துணி. கூட்டமும் சத்தமும் ஆகாது. சிநேகிதம் கிடையாது. காலோ கையோ ஆடிக்கிட்டே இருக்கும். நான் திரும்பத் திரும்பப் பாத்தேன். இத்தனை வருஷம் குடி, கடன், பொம்பளைன்னு மூணை மட்டும்லா தேடிக்கிட்டு இருந்திருக்கோம், இது ஒண்ணு இருக்கான்னு ஆகிப்போச்சு. மறுநாள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிட்டேன்.

இஸ்திரிக்காரர் சொல்லுதாரு, "அந்தத் தம்பிக்கு எல்லாம் நீலச் சட்டைதான் அண்ணாச்சி, ஒண்ணு போல." ஒரே மாதிரித் துணி, வீடியோவுல சொன்னபடியே! முடிவெட்டுறவரு சொல்லுதாரு, "உக்காந்தா வாயே திறக்க மாட்டாரு, கண்ணை மூடிக்கிடுவாரு." டீக்கடையில, "சீனி இல்லாம கட்டன் டீ, அன்னா அந்த மூலையில நின்னு குடிச்சிட்டுப் போயிருவாரு."

"அதே மூலையிலயா?"ன்னேன்.

"அதே மூலைதான்."

"கூட யாராவது?"

"யாரும் வரமாட்டாவ."

அதோட விட்டேனா? சாயந்திரம் அவனே வந்தான். பைக்குல உக்காந்தவாக்குல கால் ஆடுது. நான் பக்கத்துல போய் ஒரு விலாசம் கேட்டேன், சும்மா வாயில வந்த விலாசம். பதில் சொல்லுதான், ஆனா என் மூஞ்சியைப் பாக்கல. குனிஞ்சு போனையே பாத்துக்கிட்டு இருக்கான். எல்லாம் பொருந்திருச்சு அண்ணாச்சி. ஜாதகத்துலகூட அவ்வளவு பொருத்தம் பாத்தது இல்ல.

இதைப் போன்ல சொல்லியிருக்கலாம்னு அக்கா இப்ப சொல்லுதா. போன்ல சொன்னா யார் மதிப்பா? பூ வைக்க அவிய வீட்டு ஆளுக எல்லாம் அம்பாசமுத்திரம் வந்திருந்தாவ. தாம்பாளம் எல்லாம் வச்சாச்சு. சபையில வச்சே கேட்டேன். "ஒரு விஷயத்தை மறைச்சு எங்க பிள்ளையைக் கேக்க வந்திருக்கிய. உங்க பையனுக்கு ஆட்டிசம் இருக்கா இல்லையா?"

அந்தப் பையனோட அம்மா தண்ணி கூடக் குடிக்காம டம்ளரைக் கீழ வச்சிட்டு, "எதை வச்சுச் சொல்லுதிய?"ன்னு கேட்டாவ. நான் வரிசையாச் சொன்னேன். அந்த அம்மா பைய ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லுதாவ. நீலச் சட்டை கம்பெனி கொடுத்த யூனிபார்மாம். பால் டீ குடிச்சா வயிறு எரியுமாம், புண்ணு இருக்காம். அந்த மூலையில நின்னாத்தான் பைக் கண்ணுல இருக்குமாம், ஏற்கனவே பெட்ரோலை உருவிட்டானுவளாம். முடிவெட்டுறவரு வாயைத் திறந்தா அரசியல்தானாம், அதுக்குப் பயந்து கண்ணை மூடிக்கிடுவானாம். பையன் கடைசியா வாயைத் திறந்தான். "மாமா, அன்னைக்கு வந்தது நீங்களா? நீங்க கேட்ட தெரு எங்க இருக்குன்னு தெரியல. அதைத்தான் போன்ல தேடிக்கிட்டு இருந்தேன். நிமிந்து பாக்கையில நீங்க போயிட்டிய."

பாத்தியளா? கேட்டது எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கான். ஒண்ணு ரெண்டுக்குப் பதில் இல்லாம இருந்தாக்கூட எனக்கு மனசு சமாதானம் ஆகியிருக்கும். எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கிற ஆளை எப்படி நம்ப?

அப்பத்தான் உள்ள இருந்து வடிவு வந்தா. பட்டுச்சேலை, தலையில பூ. சபைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "மாமா, நீங்க சொன்னது எல்லாம் இருக்கு. அவருக்கு இல்ல. எனக்கு"ங்கா.

நான் சிரிச்சிட்டேன். வேற என்ன செய்ய?

மதுரையில ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பாத்திருக்கா. ஒரு நாள் இல்ல, பல நாள். அந்த அம்மா இவகிட்டப் பேசி, எங்க அக்காவைக் கூப்பிட்டு சின்ன வயசு விஷயம் எல்லாம் கேட்டு, கடைசியில ஆட்டிசம்தான்னு சொல்லியாச்சாம். அக்காவும் அமுக்கமா இருந்திருக்கா பாத்துக்கிடுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல! பையன்கிட்ட முதல் நாளே வடிவு சொல்லிட்டாளாம். அவன் என்ன கேட்டானாம் தெரியுமா? 'அப்ப நான் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?'ன்னு. அதுக்குத்தான் சரின்னாளாம். இது ஒரு பொண்ணு பாக்குற பேச்சா அண்ணாச்சி? மிஷின் வாங்குதவன் கேக்குற மாதிரில்லா இருக்கு.

நான் சொல்லுதேன், அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கான். தனக்கு இருக்கிறதை மறைக்க இவ தலையில கட்டுதான். இவளும் அவன் மேல உள்ள பிரியத்துல ஏத்துக்கிட்டா. அந்த டாக்டரம்மா அவனுக்குச் சொந்தமா இருக்குமோன்னுகூட விசாரிச்சேன். இல்ல. சொந்தம் இல்லன்னா சிநேகிதமா இருக்கும்.

வளத்தவன் எனக்குத் தெரியாதா? எங்க வடிவுக்கு ஒண்ணுமில்ல. சின்ன வயசுல பத்து விரலையும் மடக்கி மடக்கி விரிப்பா, பரதநாட்டியத்துல சேக்கலாம்னு நினைச்சோம். சட்டைக் கழுத்துல தச்சிருக்கிற துணி லேபிள் இருக்குல்லா, அதைக் கத்தரிச்சு எடுத்தாத்தான் போடுவா. இல்லன்னா நெருப்புப் பட்ட மாதிரி கத்துவா. மேனி அவ்வளவு மென்மை. தயிர்ச்சோறும் அப்பளமும் தவிர வேற எதையும் தொடமாட்டா, அப்பளம் உடைஞ்சிருந்தா அதையும் தொடமாட்டா. அது செல்லம். எந்தப் பிள்ளைதான் அப்படி இல்ல, சொல்லுங்க? விருந்தாளி வாராவன்னா கண்ணாடி முன்னால நின்னு பழகுவா. 'வாங்க அத்தை, நல்லா இருக்கியளா, வழியில சிரமம் இல்லையே.' அப்ப சிரிக்கணும்னு, சிரிப்பைக்கூடப் பழகுவா! அவிய வந்ததும் ஒரு எழுத்து பிசகாம சொல்லிட்டு, பொறவு குளியலறையில போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிடுவா. அவிய போற வரைக்கும் வரமாட்டா. சுத்தம் ஜாஸ்தி.

கோயில் கொடைத் திருவிழான்னா மேளம் தொடங்கினதும் ஆளைக் காணாது. ஒரு வருஷம் தேடித் தேடி, கடைசியில மெத்தை அடுக்குக்குள்ள கிடந்தா. உடம்பெல்லாம் வேர்த்து, வாயில பேச்சு இல்ல. ரெண்டு நாள் பேசல. சாமி பயம்னு திருநீறு போட்டோம், சரியாப் போச்சு.

ஏன் அப்படிப் பாக்கிய? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?

நான் இதைத்தான் அவகிட்டச் சொன்னேன். "ஏட்டி, இது எல்லாருக்கும் இருக்கிறதுதான். எனக்கும்தான் கல்யாண வீட்டுக் கூச்சல் ஆகாது. எனக்கும்தான் புது ஆளுகளைக் கண்டா கூச்சமா இருக்கும். அப்ப எனக்கும் ஆட்டிசமா? ஊர்ல பாதிப் பேருக்கு இருக்குன்னு சொல்லிருவியா?"

அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? எப்பவும் போல என் வாயைப் பாத்துக்கிட்டே, எழுதி வச்சதை வாசிக்கிற மாதிரி சொல்லுதா. "ஒண்ணு ரெண்டு எல்லாருக்கும் இருக்கும் மாமா. டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க. கல்யாண வீட்டுல உங்களுக்கு எரிச்சல் வந்தா வெளிய போய் ஒரு டீ குடிப்பீங்க, சரியாப் போகும். எனக்கு மறுநாள் எந்திரிக்க முடியாது. உங்களுக்குக் கூச்சம்னா கொஞ்ச நேரத்துல பழகிரும். நான் உங்ககூடப் பேசுறதுக்கே இன்னைக்கு வரைக்கும் முன்னாடியே யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் வாறேன். பிறந்ததுல இருந்து, எல்லா இடத்துலயும், எல்லா நாளும். அதான் வித்தியாசம்."

என்கூடப் பேசவா? என் மடியில கிடந்த பிள்ள, என்கூடப் பேச யோசிச்சு வச்சுக்கிட்டு வருதாம். நீங்களே சொல்லுங்க, இது சொல்லிக் கொடுத்த பேச்சு இல்லாம என்ன? மறுநாள் எந்திரிக்க முடியலைங்காளே, இரத்தச் சோகையா இருக்கும்னு நான் டானிக் வாங்கி அனுப்பினேன். மூடியைத் திறக்கவே இல்லன்னு அக்கா சொன்னா.

அதுக்குப் பொறவு நான் அக்கா வீட்டுப் படி ஏறல. என்னைச் சபையில வச்சு அவமானப்படுத்திட்டா. ஆமா, நான்தான் முதல்ல சபையில பேசினேன், இல்லங்கல. ஆனா நான் யாருக்காகப் பேசினேன்?

கல்யாணத்தை அவிய பாட்டுக்கு நிச்சயம் பண்ணிட்டாவ. மண்டபம் கிடையாது. கோவில்பட்டியில ஒரு சின்னக் கோயில்ல, கூட்டம் இல்லாத நேரம் பாத்து. மேளம் கிடையாது, நாதஸ்வரம் கிடையாது. கெட்டிமேளம் இல்லாம தாலி ஏறுமா அண்ணாச்சி? கஞ்சத்தனமா இருக்கும்னு நினைச்சேன். மேளத்துக்கு நான் சொல்லுதேன்னு அக்காகிட்டச் சொல்லி விட்டேன். அவ ஒரேயடியா, "நீ வராட்டாலும் பரவாயில்ல தம்பி, மேளம் வேண்டாம்"னுட்டா. அக்கா என்னை அப்படிப் பேசினது இதான் முதல் தடவை.

நான் போகப் போறது இல்லன்னுதான் இருந்தேன். சத்தியமாச் சொல்லுதேன். தாய்மாமன் இல்லாம கல்யாணம் நடந்தா நடக்கட்டும், ஊர் காறித் துப்பட்டும்னு இருந்தேன். சோறு இறங்கல. கடைக்குப் போனா மகன், 'நீங்க வீட்டுலயே இருங்கப்பா, வாற ஆளுகள்ட்ட எல்லாம் வள்ளு வள்ளுன்னு விழுதிய'ங்கான்.

போன வாரம் வடிவு போன் பண்ணினா. அவ போனே பண்ண மாட்டா, எதுன்னாலும் மெசேஜ்தான். அவ பெயரைப் பாத்ததும் அக்காவுக்கு என்னமும் ஆயிட்டுதோன்னு எந்திரிச்சே நின்னுட்டேன். எடுத்தா, "மாமா, நான் எழுதி வச்சு வாசிக்கிறேன், இடையில பேசாதீங்க"ங்கா. சரின்னேன்.

"மாமா, நீங்க வரணும். என்கூட மணை வரைக்கும் நீங்கதான் நடந்து வரணும். கையைப் பிடிக்க வேண்டாம். புடவை, நகை, பூ, புகை எல்லாம் சேந்து இருக்கும்போது யாராவது தொட்டா எனக்குத் தாங்காது. பக்கத்துல நடந்து வந்தா போதும். அங்க வந்து யார்கிட்டயும் எதுவும் விசாரிக்கக் கூடாது. இவ்வளவுதான் எழுதி வச்சிருக்கேன்."

நான் வைக்கல. அவளும் போனை வைக்கல. மூச்சு கேக்குது. பொறவு, எழுதி வைக்காததைச் சொல்லுதா போல, திக்கித் திக்கிச் சொன்னா. "மாமா, அவரைப் பத்தி இஸ்திரிக்காரர்கிட்டக் கேட்டீங்க. முடிவெட்டுறவர்கிட்டக் கேட்டீங்க. எனக்கு என்ன செய்யுதுன்னு என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

வச்சிட்டா.

அன்னையில இருந்து எனக்கு அதுதான் ஓடுது. கேக்கலன்னா சொல்லுதா? பிள்ளைக்கு என்ன வேணும்னு கேக்காமலா வளத்தேன்? பாவாடை வேணுமா, பலகாரம் வேணுமான்னு கேட்டிருக்கேன். ஆனா அந்த மெத்தை அடுக்குல இருந்து தூக்கினேன்லா, அப்ப 'என்னட்டி செய்யுது'ன்னு கேட்டேனா, நேரா திருநீறு எடுக்கப் போனேனா? எனக்கு நினைப்பு வரல. திருநீறுதான் நினைப்பு வருது. ஊர்ல யார் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு இத்தனை வருஷம் கழிச்சும் தேதியோட சொல்லுவேன், இது வரமாட்டேங்குது.

இப்பக் கேக்கணும்னாலும் எப்படிக் கேக்கன்னு தெரியல. இஸ்திரிக்காரர்கிட்டப் போனா வீடு வாடகைக்கு இருக்கான்னு ஆரம்பிப்பேன். இவகிட்ட எதைச் சொல்லி ஆரம்பிக்க? உங்களுக்குப் பிள்ளைக இருக்கா? நீங்க கேப்பியளா? ம். சரி, விடுங்க. இருந்தாலும் அந்தப் பையன் மேல எனக்கு இன்னும் ஒரு கண்ணு இருக்கு, அதை விட்டுற மாட்டேன். அது வேற.

ஊர் வந்துட்டுது போல. அக்காவும் வடிவும் முன்னாலயே இங்க வந்துட்டாவ, என்னைக் கூப்பிட வடிவே வாரேன்னா. பஸ் ஸ்டாண்டு இரைச்சல் அவளுக்கு ஆகாது, வேண்டாம் ஆட்டோ பிடிச்சு வாரேன்னேன். கேக்கல. அன்னா, அன்னா, அந்தத் தூணுக்குப் பின்னால, செவரோட ஒட்டிக்கிட்டு நிக்கா பாருங்க, பச்சைச் சுடிதார். குனிஞ்சுக்கிட்டு நிக்கா. விரலை மடக்கி மடக்கி விரிக்கா. நமக்கு முன்னால போற பஸ்ஸுக்காரன் அடிக்கிற ஹாரனுக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப் போடுது. எனக்காக நிக்கா அண்ணாச்சி. இவ்வளவு நேரமா நிக்கா.

கொஞ்சம் வழி விடுங்க. டிரைவர் தம்பி! ஏ தம்பி, ஹாரனை அடிக்காதப்பா! உள்ள போற வரைக்கும் அடிக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்! எங்க பிள்ள நிக்கா அங்கன. பைய உருட்டிட்டுப் போ, ஆளுக தானா விலகும். ஏ கண்டக்டர், சொல்லுங்கய்யா அவன்கிட்ட! என்ன அண்ணாச்சி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கிய? என் சத்தம் அவனுக்குக் கேக்கல, நீங்களும் சேந்து சொல்லுங்க.